நீலக் கொடி ஆபீஸில் என்ன வேலை?

போன இதழில், சுனாமிக்குப் பிறகு கடலூரில் ஐ.நா. அமைப்பு ஒன்றின் கள அலுவலகத்தில் நான் வேலை பார்த்ததைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக இந்தப் பகுதிக்கு வருகிறவை பென்ஷன், பட்டா, மாமியார் பற்றிய கேள்விகள்தான். இந்த முறை பாதிக் கடிதங்கள் ஐ.நா.வைப் பற்றி. சரி, இந்த இதழ் முழுவதும் அதற்கே.

எங்கள் தெருவில் மூன்று வருடமாகச் சாக்கடை வழிந்து ஓடுகிறது. பேரூராட்சிக்கும் கலெக்டருக்கும் மனு கொடுத்து அலுத்துவிட்டோம். ஐ.நா. சபைக்கு எழுதினால் மேலிடத்து உத்தரவு வருமா?
— வாசகர், குறிஞ்சிப்பாடி

வராது. "மேலிடம்" என்கிறீர்களே, சிக்கலே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2005இல் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் முன்பகுதியில் எங்கள் ஆபீஸ். வாசலில் நீலக் கொடி, நிற்கிற ஜீப்பில் நீல நம்பர் பிளேட். பார்க்கிறவர்களுக்கு, கலெக்டருக்கு மேலே ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்றே தோன்றும். ஒருநாள் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவரை அலை கொண்டுபோய்விட்டது. மகன் குடும்பத்தோடு சேர்த்து ஒரே குடும்பமாகக் கணக்கெடுத்ததால் புது வீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மனுவை நீட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு, நகலில் ஆபீஸ் பெயரோடு "பெறப்பட்டது" என்று சீல் குத்திக் கொடுத்தேன்.

அவர் அதை எடுத்துக்கொண்டு நேரே தாலுகா ஆபீஸ் போய்விட்டார். "யு.என். சீல் போட்டாச்சு, இனிமே நீங்க குடுத்துத்தான் ஆவணும்" என்று சண்டை. மறுநாள் காலை எங்கள் மேலாளருக்கு போன் வந்தது. வடநாட்டுக்காரர், குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். என்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் அரை மணி நேரம் விளக்கினார். நான் அதை எனக்குள் இப்படி மொழிபெயர்த்துக்கொண்டேன்: இது அரசாங்கத்தின் அடுப்பங்கரை. கூப்பிட்டதால் வந்திருக்கிறோம். காய் நறுக்கிக் கொடுக்கலாம், உப்பு போடுவது அவர்கள் வேலை.

அந்தச் சமயத்து நிலவரத்தையும் சொல்ல வேண்டும். சுனாமி அடித்தவுடன், அவசர நிவாரணத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று இந்திய அரசு வெளிநாட்டு அரசுகளிடம் சொல்லிவிட்டது. பிறகு மறுகட்டுமானத்துக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. அமைப்புகள் ஆகியவற்றை ஏற்றுக்கொண்டது. ஆக, எங்கள் கொடி அங்கே பறந்ததே அரசின் சம்மதத்தில்தான். தாசில்தாருக்கு உத்தரவிட எங்களுக்கு ஏது அதிகாரம்?

அப்புறம் ஒரு வேலை செய்தோம். எந்தெந்தக் குப்பத்தில் தனியாக வாழும் பெண்கள் கணக்கில் விடுபட்டிருக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு, பெயர் எதுவும் போடாமல் ஒரு அட்டவணை தயாரித்தோம். வீடு கணவன், மனைவி இருவர் பேரிலும் இருக்க வேண்டும் என்று அரசாணையே இருந்தது. கணவனே இல்லாதவள் எந்தப் பட்டியலில் வருவாள்? கலெக்டர் ஆபீஸ் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் அந்தத் தாளை வைத்துவிட்டு எங்கள் மேலாளர் பேசாமல் உட்கார்ந்தார். பட்டியலை மறுபடி சரிபார்த்தார்கள். அந்த அம்மாவின் பெயர் அடுத்த பட்டியலில் வந்தது. எங்கள் தாளால் வந்ததா, அவர் போட்ட சண்டையால் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சண்டைதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

உங்கள் சாக்கடைக்கு வருவோம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரே மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால், முந்தைய மனுக்களின் மீது என்ன நடவடிக்கை என்று பத்து ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நியூயார்க்குக்கு எழுதும் தபால் செலவு மிச்சம்.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்திருக்கிறேன். ஐ.நா. அமைப்பில் வேலை பார்க்க ஆசை. டெல்லியில் ஆள் தெரியாமல் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா அக்கா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

சிபாரிசே கிடையாது என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எனக்கு டெல்லியில் ஒரு ஈ காக்கை தெரியாது. திருப்பாதிரிப்புலியூரில் உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர். பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போட்டேன், அவ்வளவுதான்.

எழுத்துத் தேர்வில் மீனவர் சங்கத்தின் தமிழ் மனு ஒன்றைக் கொடுத்து ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கச் சொன்னார்கள். நேர்காணலில் மூன்று பேர். "உங்கள் பலம் என்ன" என்றெல்லாம் கேட்கவில்லை. "கோபமாக வந்த ஒருவரைச் சமாளித்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். யூரியா தட்டுப்பாட்டில் கடை ஷட்டரை ஆட்டிய ஒரு விவசாயியை உட்கார வைத்து மோர் கொடுத்த கதையைச் சொன்னேன். அந்த அமைப்புகளில் நேர்காணல் இன்னமும் பெரும்பாலும் இந்த மாதிரிதான்: என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. எனவே நீங்கள் களத்தில் செய்த நான்கைந்து சம்பவங்களை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "நாங்கள் செய்தோம்" என்று சொன்னால் "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று திரும்பக் கேட்பார்கள். நம் ஊர்ப் பெண்கள் அங்கேதான் தடுமாறுகிறோம். "நான்" என்று சொல்ல வாய் வராது.

ஐ.நா. என்பது ஒரே ஆபீஸ் இல்லை. குழந்தைகளுக்கான யுனிசெஃப், வளர்ச்சித் திட்டங்களுக்கான யு.என்.டி.பி., உலக சுகாதார நிறுவனம், தொழிலாளர்களுக்கான ஐ.எல்.ஓ. என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆள் எடுக்கும், தனித்தனி இணையதளம் இருக்கும். யுனிசெஃபின் சென்னை அலுவலகம் தமிழ்நாட்டையும் கேரளாவையும் பார்த்துக்கொள்கிறது. எடுத்தவுடன் பெரிய பதவிக்குப் போடாதீர்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் என்று ஒன்று உண்டு. பேர்தான் தன்னார்வலர், மாதப்படி கொடுப்பார்கள். உள்ளே நுழைய அது நல்ல வாசல். அதற்கும் முன்னால் இரண்டு வருடம் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் வெயிலில் அலையுங்கள். களம் தெரியாதவரின் ரிப்போர்ட்டை இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே வெளியூர்ப் பயணத்துக்கு "மிஷன்" என்று பேர். "நாளைக்கு மிஷன் இருக்கும்மா" என்று நான் சொன்னதும், தையல் மிஷின் வாங்கப் போகிறேன் என்று என் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ரவிக்கைத் துணியோடு இரண்டு பேர் வந்தார்கள்.

ஐ.நா.விலிருந்து என் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டதாக மெயில் வந்திருக்கிறது. ஜெனீவாவில் போஸ்டிங். விசா, மருத்துவப் பரிசோதனைக்கு 45 ஆயிரம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
— வாசகர், பண்ருட்டி

கட்டாதீர்கள். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் ஐ.நா. ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. உங்கள் தம்பி விண்ணப்பமே போடவில்லை என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். போடாத விண்ணப்பத்துக்கு ஏது வேலை? ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள், பணம் கைமாறிக்கொண்டே போகும்.

டாலரில் சம்பளம், வருமான வரியும் கிடையாதாமே? நீங்கள் கடலூரில் எத்தனை மனை வாங்கினீர்கள்?
— வாசகர், வில்லியனூர்

மனை இல்லை. முதுநகரில் மாமனார் வீட்டுக்கு மாடி எடுத்தோம். அதுவும் பாதிக் கடனில்.

அங்கே எல்லாம் எழுத்துக் கணக்கு. "பி" வகைக்காரர்கள் நாடு நாடாகப் போகிறவர்கள், டாலர் அவர்களுக்கு. "என்.ஓ." என்றால் உள்நாட்டு அதிகாரிகள். "ஜி" என்றால் ஆபீஸ் உதவியாளர், டிரைவர் போன்றோர். இந்த இரண்டு வகைக்கும் ரூபாயில்தான் சம்பளம். உள்நாட்டில் நல்ல சம்பளம் தரும் நிறுவனங்களை ஆராய்ந்து அதற்கு ஈடாக நிர்ணயிப்பார்கள். ஐ.நா. பணியாளர் என்ற அந்தஸ்து உள்ளவர்களின் சம்பளத்துக்கு வரிவிலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் திட்டத்துக்காக எடுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் அந்த அந்தஸ்து கிடையாது. நான் ஒப்பந்தம்தான். வரி கட்டினேன். திட்டம் முடிந்த அன்று வேலையும் முடிந்தது. வருடக் கடைசியில் ஒப்பந்தம் நீளுமா நீளாதா என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அந்த டிசம்பர்களை எந்தச் சம்பளமும் ஈடு கட்டாது.

இலங்கையிலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. டெல்லியில் பிற நாட்டு அகதிகளுக்கு ஐ.நா. அட்டை கொடுக்கிறது. எங்களுக்கு ஏன் இல்லை அம்மா?
— முகாம்வாசி, கீழ்ப்புத்துப்பட்டு

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் யார் யாரை எந்த அமைப்பு பதிவு செய்வது என்பதை அரசே வகுத்து வைத்திருக்கிறது. ஆப்கானிஸ்தான், மியான்மர் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களை ஐ.நா. அகதிகள் ஆணையம் டெல்லியில் பதிவு செய்கிறது. முகாம்களில் இருக்கும் உங்களைப் பதிவு செய்வதும் உதவித்தொகை தருவதும் தமிழக அரசின் மறுவாழ்வுத் துறை. ஆணையத்தின் சென்னை அலுவலகத்துக்கு உங்கள் விஷயத்தில் முக்கிய வேலை, ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் தாமாகத்தான் திரும்புகிறார்களா, யாராவது நெருக்குகிறார்களா என்று நேரில் கேட்டு உறுதி செய்வது. குடியுரிமை அவர்கள் கையில் இல்லை. உங்களுக்கு இது ஆறுதலான பதில் இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆரோவில்லை நடத்துவது யுனெஸ்கோ என்கிறாரே என் நண்பர்?
— மாணவர், லாஸ்பேட்டை

இல்லை. 1966இல், ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவின் மாநாடு அந்த முயற்சியை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. 1968 பிப்ரவரி 28இல் நகரம் தொடங்கியது. இன்று அது 1988இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்கிறது. தீர்மானம் போடுவது வேறு, நடத்துவது வேறு.

மகள் பிரெஞ்சு படிக்கிறாள். "அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?" என்கிறார் என் மாமனார். ஐ.நா.வில் உதவுமா?
— வாசகி, முத்தியால்பேட்டை

நன்றாகவே உதவும். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் வேலைமொழிகள் இரண்டு: ஆங்கிலம், பிரெஞ்சு. செனகல், காங்கோ மாதிரி நாடுகளின் அலுவலகங்களில் பிரெஞ்சு இல்லாமல் காலம் தள்ள முடியாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் காசு கொட்டித் தேடும் பிரெஞ்சு வகுப்பு உங்கள் புதுச்சேரியில் 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸில் நடக்கிறது. கவிதை ஒப்பிப்பதோடு நிற்காமல் பிரெஞ்சில் ஒரு பக்க அறிக்கை எழுதப் பழகச் சொல்லுங்கள். மாமனாரிடம், அவர் காலத்துச் சொல்தாக்களின் (பிரெஞ்சுப் படையில் இருந்த நம் ஊர்க்காரர்களின்) பிரெஞ்சு பென்ஷனை நினைவுபடுத்துங்கள். பேச்சு நின்றுவிடும்.

கூட்டம், ரிப்போர்ட், பிஸ்கட், டீ. இதைத் தவிர இந்த ஆபீஸ்கள் எதைச் சாதித்தன? மனசாட்சியோடு சொல்லுங்கள்.
— வாசகர், சிதம்பரம்

பிஸ்கட் உண்மை. நானே டப்பா டப்பாவாக வாங்கி பில் வைத்திருக்கிறேன். யாரும் படிக்காத ரிப்போர்ட்டுகளும் உண்மை; சிலதை நானே டைப் அடித்தேன்.

ஆனால் போலியோவைப் பாருங்கள். சொட்டு மருந்து கொடுத்தவர்கள் நம் ஊர் நர்ஸம்மாவும் அங்கன்வாடி அக்காவும். உலக சுகாதார நிறுவனம் மருத்துவர்களை வைத்துச் செய்தது கண்காணிப்பு. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கை கால் துவண்டால், போய்ப் பார்த்து, இரண்டு முறை மலம் எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை விடாமல் துரத்துவது. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் ஏறி, "மீனா சார்?" என்று கண்டக்டர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில். 2014 மார்ச் 27இல் போலியோ இல்லை என்று சான்று வந்தது. நம் அரசே "இல்லை" என்றால் உலகம் நம்பியிருக்குமா? வெளியே நின்று எண்ணிச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

எங்கள் ஆபீஸ் அத்தனை பெரிதாக எதுவும் செய்யவில்லை. கொஞ்சம் அட்டவணைகள், கொஞ்சம் பயிற்சி, நிறைய மொழிபெயர்ப்பு. மூடும்போது மேஜை, மின்விசிறி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அரசுத் துறைக்கு ஒப்படைத்தோம். கொடியை மடித்து டெல்லிக்கு அனுப்பினோம். சீலை மட்டும் யாருக்கும் தரக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு பிளேடை என் கையிலேயே கொடுத்தார். ரப்பரைக் குறுக்கே நான்கு கீறு கீறி, அழித்ததற்கு ஒரு குறிப்பு டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தேன்.