சொசைட்டிக்கு ஊற்றாத பால்

கேள்வி: எங்கள் கலப்பினப் பசுவுக்கு மடிநோய். மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டதில் சரியானது. இருபது நாளில் அதே காம்பில் மறுபடி பால் திரிதிரியாக வருகிறது. போன முறை மிச்சமான மருந்தையே போடலாமா டாக்டர்? ஊசி போட்ட நாட்களின் பாலை சொசைட்டிக்கு ஊற்றாமல் கன்றுக்கும் நாய்க்கும் வைத்தோம். அது பரவாயில்லையா?
- வாசகி, ராசிபுரம்

பதில்: சொசைட்டிக்கு ஊற்றாமல் நிறுத்தினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கன்றுக்கும் நாய்க்கும் இனி வைக்காதீர்கள். அந்தப் பாலில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். கன்றின் குடலில் உள்ள கிருமிகளில் நோஞ்சான்கள் அதில் செத்துப்போகும். மருந்துக்கு மசியாதவை இடம் கிடைத்துப் பெருகும். அவை சாணத்தோடு தொழுவத்துக்கு வரும். நாயோ வீட்டுக்குள் வந்து பிள்ளைகளின் கையை நக்கும். மருந்து அட்டையில் போட்டிருக்கும் நாள்கணக்கு முடியும்வரை, பாலைக் கிணற்றுக்குத் தள்ளி ஒரு குழியில் ஊற்றி மூடுங்கள். மனசு வராதுதான், தெரியும்.

மருந்துக்கு மசியாத இந்த எதிர்ப்பு சக்தியை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றியும் விடும். கோலிஸ்டின் என்பது வேறு எதுவும் கேட்காதபோது ஐசியூவில் மனிதர்களுக்குக் கடைசியாகப் போடும் மருந்து. அதை எதிர்க்கும் மரபணு இப்படிக் கைமாறுவதைச் சீனாவில் பன்றிகளிடம் கண்டுபிடித்து 2015-இல் வெளியிட்டார்கள். கோழி, மாடு போன்ற உணவுக்கான பிராணிகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க நம் நாட்டில் 2019-இல் தடை வந்தது.

மிச்ச மருந்து வேண்டவே வேண்டாம். ஊசிக்கு முன்பே பாலைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றி, முதல் நாலு பீச்சை விட்டுவிட்டு, சுத்தமான புட்டியில் பிடித்து ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்ந்த சின்ன வட்டுகளை அதன்மேல் வைப்பார்கள். மருந்து கேட்டால் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். உங்கள் மாட்டைப் போலவே நோய் திரும்பிய ஒரு மாட்டுக்கு ஆறு வட்டு வைத்தோம். ஐந்தில் கிருமி வட்டின் விளிம்பு வரை வெள்ளையாக ஏறி நின்றது. வளையம் விழுந்த ஒரே மருந்து, அந்த வீட்டில் அதுவரை போடாதது.

முடிவு வரும்வரை சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, நீர் விட்டுக் கரைத்து மடியில் தடவி வாருங்கள். காய்ச்சல் வந்தாலோ தீனி எடுக்காவிட்டாலோ காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்தக் காம்பைக் கடைசியாகக் கறந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே கன்றிடம் போங்கள்.