வாஷர்

அன்புள்ள ஐயா,

கனடாவில் ரயன் என்ற 6 வயதுப் பையன் 1998-ல் வீட்டு வேலை செய்து 70 டாலர் சேர்த்து, ஆப்பிரிக்காவில் கிணறு போடக் கொடுத்ததைப் படித்தோம். நாங்கள் ஆறு பேர் கல்லூரி விழாவில் பஜ்ஜிக் கடை போட்டு 38,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். உகாண்டாவில் ஒரு பள்ளிக்குக் கிணறு போட ஆசை. திறப்பு விழாவை வீடியோவில் நேரலையாகக் காட்டவும் ஏற்பாடு செய்கிறோம். "வியாசர்பாடியில் இல்லாத கஷ்டமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். டிரஸ்ட் பதிவு செய்ய வேண்டுமா?

கல்லூரி மாணவி, வேளச்சேரி

அன்புள்ள மாணவிக்கு,

டிரஸ்ட் விஷயம் ஆடிட்டருக்குத்தான் தெரியும். வியாசர்பாடி என்கிறவர்கள் வியாசர்பாடிக்கு எத்தனை ரூபாய் கொடுத்தார்கள்? விடுங்கள்.

70 டாலர் போதாது, 2,000 வேண்டும் என்று அந்தப் பையனிடம் சொன்னார்கள். அவன் அசரவில்லை. 1999-ல் உகாண்டாவின் அங்கோலோ பள்ளிக்குக் கிணறு வந்தது. நாம் எல்லாரும் அந்த இடத்தில் கை தட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

போன வாரம் புளியந்தோப்பில் எங்கள் பழைய தெருவுக்குப் போயிருந்தேன். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு சங்கத்து இளைஞர்கள் அங்கே அடிபம்பு போட்டுக் கொடுத்தார்கள். ரிப்பன், மாலை, ஆளுக்கொரு லட்டு. எட்டு மாதம் தண்ணீர் கொட்டியது. அப்புறம் முப்பது தடவை அடித்தாலும் புஸ்ஸென்று காற்றுதான். சங்கத்தில் போய்க் கேட்டால், அந்தப் பையன்கள் எல்லாம் வேலை கிடைத்துப் போய்விட்டார்களாம். அம்மா பழையபடி மூன்று தெரு தாண்டி லாரித் தண்ணீருக்கு நின்றாள், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மெக்கானிக் வந்து குழாயைத் துண்டு துண்டாக மேலே இழுத்தார். அடியிலிருந்து ஒரு தோல் வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி இருந்தது. கோளாறு அவ்வளவுதான்.

அந்தப் பம்பு இந்தியா மார்க் 2. எழுபதுகளில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, நம்ம சென்னையிலும் தயாரானது. உகாண்டாவில் அதற்கு யு-2 என்று பெயர். உங்கள் பள்ளிக்கும் அநேகமாக அதுதான் வரும். இப்போது தோலுக்குப் பதில் ரப்பர். தேய்வது தேய்வதுதான்.

வீடியோ வரை யோசித்த பிள்ளைகளுக்கு வாஷர் ஞாபகம் வரவில்லையா? அந்த ஊரில் பம்பு மெக்கானிக் யார்? சாமான் எந்தக் கடையில் கிடைக்கும்? அதற்கு மாதாமாதம் காசு சேர்ப்பது யார்? மூன்று வருஷம் கழித்து நீங்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு ஊரில் வேலையில் இருக்கும்போது, அந்தப் பள்ளி வாத்தியார் யாருக்குப் போன் போடுவார்? இதற்கெல்லாம் பதில் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

எப்படியும் 38,000-க்குப் புதுக் கிணறு வராது. நின்றுபோன பம்பு ஒன்றைத் தேடிச் சரி செய்யுங்கள். ரிப்பன் வெட்ட முடியாது, தெரியும். எங்கள் மெக்கானிக்குக்கும் யாரும் லட்டு கொடுக்கவில்லை. அம்மா ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

அடுத்த பஜ்ஜிக் கடை எப்போது என்று சொல்லுங்கள், வருகிறேன்.