காப்புறுதி நிறுவனம் இடையில் கைவிடலாமா? – கேள்வி பதில்

கொழும்பில் காப்புறுதி இழப்பீட்டுப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார்: ஐயா, நியூ ஜேர்சியில் வசிக்கும் என் மகளுக்குச் சத்திரசிகிச்சை முடிந்த பின்னர், பழைய தோல் வருத்தமொன்றைப் படிவத்தில் குறிப்பிடவில்லை என்று கூறி, காப்புறுதியைத் தொடக்க நாளிலிருந்தே இரத்துச் செய்யப்போவதாகக் கடிதம் வந்துள்ளது. அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: அம்மா, ஒபாமா காலத்தில், 2010இல் நிறைவேறிய சட்டத்தின்படி, மோசடி செய்திருந்தாலோ முக்கியமான விடயமொன்றில் வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தாலோ அன்றி அவ்வாறு பின்னோக்கி இரத்துச் செய்ய இயலாது, அப்போதும் 30 நாட்களுக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறதி மோசடியாகாது. நிறுவனத்திடமே மேன்முறையீடு செய்து, அது தோற்றால் வெளியார் நடத்தும் சுயாதீன மீளாய்வைக் கோரலாம். ஆயினும் ஒன்று உறுத்துகிறது: 2014 முதல் அங்குள்ள முழுமையான திட்டங்கள் பழைய நோயைக் காட்டி எவரையும் மறுக்க முடியாதபோது, நோய் வரலாறு கேட்கும் படிவம் எதற்கு? மகள் வாங்கியது குறுங்காலக் காப்புறுதியாக இருந்தால், இந்தப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. முதலில் பத்திரத்தின் வகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: டெக்சாஸில் தம்பிக்கு வேலை போய்விட்டது. காப்புறுதியும் போய்விடுமா?

பதில்: 20 பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் நிறுவனமென்றால், பொதுவாக 18 மாதங்கள் வரை அதே காப்புறுதியைத் தொடரலாம், விருப்பத்தைத் தெரிவிக்க 60 நாட்கள் உண்டு. முழுச் செலவும் தம்பியின் தலையில்தான் விழும்.

மட்டக்குளி வாசகர்: அப்பாவின் சலரோகத்தை முகவர் எழுதாமல் விட்டதால், இங்குள்ள நிறுவனமொன்று இழப்பீட்டை மறுத்து, ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டது.

பதில்: தம்பி, இத்தகைய படிவங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்: நோய்கள் பற்றிய கேள்விகளுக்கு எதிரே 'இல்லை' என்ற கட்டங்களின் மேல் மேலிருந்து கீழாக ஒரே கோடு, அடியில் வேறு மையில் கையொப்பம். எழுதியவர் முகவரானாலும், கையொப்பம் அப்பாவுடையது என்பதால் பொறுப்பு அவர்மீதே சாய்கிறது. காப்புறுதி கேட்பவர் தெரிந்த உண்மையை மறைக்கக் கூடாது என்பதே இங்குள்ள சட்டத்தின் அடிப்படை. அமெரிக்கச் சட்டம் இங்கு துணைக்கு வராது. எனினும் முகவரிடம் நோயைச் சொன்னதற்குக் குறுஞ்செய்தியோ கிளினிக் கொப்பியின் பிரதியோ இருந்தால் அது பெறுமதியான சான்று. முன்மொழிவுப் படிவத்தின் பிரதியையும் மறுப்புக்கான காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இறுதிப் பதில் திருப்தியளிக்காவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமோ, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறையிடுங்கள்.

அதே வாசகர்: சென்னையில் அக்காவுக்கும் இதே நோய் உண்டு.

பதில்: அங்கு 2024 முதல், 60 மாதங்கள் தொடர்ந்து கட்டணம் செலுத்தியவரிடம் நிரூபிக்கப்பட்ட மோசடியைத் தவிர, நோயை மறைத்ததாகக் கூறி இழப்பீட்டை மறுக்க முடியாது. அக்காவின் பத்திரத்தில் முதல் தேதி எது என்று கேட்டு எழுதுங்கள்.