கைத்துப்பாக்கிக்கு எந்தப் பெட்டி? கேள்வி பதில்

கேள்வி: பயிற்சிக்குப் பிஸ்டல் எடுத்துப் போக, பார்த்ததும் துப்பாக்கிப் பெட்டி என்று தெரியாத ஒன்று வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கண்ணில் படாமல் இருப்பது வெளிப்பையின் வேலை, திறக்க முடியாமல் இருப்பது உள்பெட்டியின் வேலை. இரண்டையும் ஒரே பொருளில் தேடாதீர்கள். பூட்டுப் போடக்கூடிய சிறிய கெட்டிப் பெட்டி ஒன்றை வாங்கி, சாதாரணத் துணிப்பைக்குள் வையுங்கள். ராணுவப் பச்சை, வரிசையாக வார் தைத்த பை, துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம்.

கடையிலேயே பெட்டியை மூடிப் பூட்டி, மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பூட்டுத் துளைகள் இருக்கும். ஒன்றில் மட்டும் பூட்டினால் மறுமூலை வளைந்து விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கும். மட்டமான பிளாஸ்டிக்கில் இரண்டிலும் பூட்டினாலும் இடைவெளி விழும். விழுந்தால் வாங்காதீர்கள்.

எந்தப் பெட்டியானாலும் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூட்டை) கழற்றுங்கள், பிறகுதான் ஸ்லைடை (பின்னுக்கு இழுக்கும் மேல்பகுதியை) இழுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்லைடு முன்னே போகும்போது அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், ஏற்றிவிடும். அப்புறம் மேகசினைக் கழற்றியும் பயனில்லை, உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கும். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள்.

கேள்வி: ஜிப் வைத்த மென்மையான பை போதாதா? ஜிப்பில் குட்டிப் பூட்டு போட்டிருக்கிறேன்.

பதில்: போதாது. நைலான் ஜிப்பின் பல்வரிசையைப் பேனா முனையால் பிரித்துவிடலாம், பூட்டைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பெட்டியோடு வந்த ஸ்பாஞ்சிலேயே வீட்டிலும் துப்பாக்கியை வைத்திருக்கலாமா?

பதில்: கூடாது. திறந்த துளை ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஸ்லைடில் ஸ்பாஞ்ச் தொடும் இடத்தில் முதலில் செம்புள்ளிகள் வரும், பிறகு குழி விழும். தோலுறையும் அப்படித்தான்: பதனிடப் பயன்பட்ட ரசாயனம் இரும்பை அரிக்கும். ஈரம் உறிஞ்சாத மூடிய துளை பாலிஎத்திலீன் ஃபோம் இதைவிட நல்லது; ஆனால் அதுவும் பயணத்துக்குத்தான். ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உலோகத்தில் நீர் கோக்கும். துடைத்துவிட்டு எண்ணெய் தடவுங்கள்.

ஃபோமை வெட்டுகிறவர்களுக்கு ஒன்று: டிரிகர் வளையத்துக்குள் துருத்தும் துண்டு எதையும் விடாதீர்கள். கைப்பிடியின் இரு பக்கமும் விரல் நுழைய இடம் விடுங்கள். இறுக்கமாக வெட்டினால், வெளியே எடுக்க விரல் தானாக வளையத்துக்குள்தான் போகும். குழல் எந்தப் பக்கம் என்பதைப் பெட்டியின் வெளியே சிறு கோடாகக் குறித்து வையுங்கள்.

கேள்வி: என்னுடையது ரிவால்வர். வேறு ஏதாவது?

பதில்: சிலிண்டரை (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளையை) திறந்து ஒவ்வொரு அறையையும் பாருங்கள். மற்றதெல்லாம் அதே.

கேள்வி: லேப்டாப் பை எப்படி?

பதில்: கையில் இருக்கும்வரை சரி. வண்டிக்குள் விட்டால் கண்ணாடியை உடைக்கச் சொல்லும் பை அது. கேமரா பையும் அப்படியே.

கேள்வி: இதை ஏற்க மாட்டேன். லேப்டாப் பையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பதில்: சுமந்து போகிறவரை யாரும் பார்ப்பதில்லை, சரி. திருடன் பார்ப்பது சீட்டில் தனியாகக் கிடக்கும் பையை. அவனுக்குத் துப்பாக்கி தேவையே இல்லை, கணினி என்று நினைத்துத்தான் எடுப்பான்.

கேள்வி: அப்படியானால் குழந்தையின் டயபர் பை? அதை எவனும் திருட மாட்டான்.

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தப் பைக்குள் வீட்டில் யார் வேண்டுமானாலும் கைவிடுவார்கள், குழந்தை உட்பட.

கேள்வி: உள்ளே பூட்டிய பெட்டி இருந்தால் என்ன?

பதில்: ஒரு நாள் அவசரத்தில் பூட்ட மறப்பீர்கள். அன்றைக்கும் அந்தப் பை வழக்கமான இடத்தில்தான் தொங்கும். வேறு யாரும் தொடத் தேவையில்லாத பை வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கேள்வி: இசைக்கருவிப் பெட்டி?

பதில்: அதுவும் விலைமதிப்புள்ள பொருளாகத்தான் தெரியும். அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி: விமானத்தில்?

பதில்: அனுமதிக்கும் நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பவை: காலியான துப்பாக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டி, கவுன்ட்டரில் அறிவிப்பு, ஒப்படைக்கும் சாமானில் மட்டும். தோட்டாவுக்கு ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) விதிப்படி ஆளுக்கு மொத்த எடை 5 கிலோ வரை, நிறுவனத்தின் ஒப்புதலோடு. இருவர் பங்கைச் சேர்த்து ஒரே பொதியாகக் கட்ட முடியாது. காற்றுப் புகாத பெட்டியென்றால் அழுத்தம் சமன்செய்யும் வால்வு உள்ளதாக வாங்குங்கள், இல்லையென்றால் தரையிறங்கியபின் மூடி கவ்விக்கொள்ளும். புறப்படும் நாடு, இறங்கும் நாடு இரண்டின் சட்டத்தையும் முன்பே பாருங்கள்.

கேள்வி: ஸ்கேனரில் தெரியாத பெட்டி கிடைக்குமா?

பதில்: அதற்கு இங்கே உதவி கிடையாது. திருடன் கண்ணுக்குப் படாத பெட்டி பற்றித்தான் பேசுகிறோம், சோதனை அதிகாரியிடம் மறைப்பது குற்றம்.

கேள்வி: ஜிப் பை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மேகசின் மாட்டியபடியே பெட்டியில் வைத்தால் நேரம் மிச்சமாகுமே?

பதில்: முதல் பதிலின் கடைசிப் பத்தி. தயவுசெய்து படியுங்கள். மேகசின் தனியாக, சேம்பர் காலியாக.

கேள்வி: இரவு முழுக்க வண்டியில் விட நேர்ந்தால் பெட்டியைக் கட்டிவைக்க இரும்புக் கம்பிவடம் போதுமா?

பதில்: ஒரு கடையில் நின்றுவிட்டு வரும் நேரத்துக்குத்தான் வடம். சீட்டுக்கடியில் உள்ள இரும்புச் சட்டத்தில் சுற்றி, பெட்டியின் பூட்டிலேயே மாட்டுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடியில் மாட்டினால் பிடியை உடைத்து எடுத்துப் போவார்கள். இரவென்றால் உள்ளே கொண்டுபோய்விடுங்கள்.