போக மகிழ்ச்சிக்கு மருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பாவை 29-ஆம் பாசுரத்தில் ‘மற்றை நம் காமங்கள் மாற்று’ என்பதற்கு, கைங்கர்யத்தில், அதாவது பெருமாளுக்குச் செய்யும் தொண்டில், நமக்கு வரும் மகிழ்ச்சியையும் மாற்று என்று உரை சொல்கிறார்கள். மகிழ்ச்சியில்லாமல் பெருமாளுக்கு மாலை கட்டினால் அது வெறும் கூலிவேலை ஆகிவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகிழக்கூடாது என்று உரை சொல்லவில்லை. அந்த மகிழ்ச்சிக்காகவே செய்வதைத்தான் தள்ளுகிறது. வைணவர்களின் சரணாகதி மந்திரமான துவயத்தின் கடைசிச் சொல்லான ‘நம:’ கைங்கர்யத்தில் களையறுக்கிறது என்கிறார் வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர், மந்திரங்களுக்குப் பொருள் சொல்லும் முமுக்ஷுப்படி என்ற நூலில். எது களை? ‘தனக்கென்னப் பண்ணுமது’, தன் சுகத்துக்கென்று செய்வது. கைங்கர்யமே செய்யாதவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. விதைத்த வயலில்தானே களை. ‘ஸௌந்தர்யம் அந்தராயம்’ என்றும் சொல்லிவிடுகிறார். பெருமாளின் அழகே இடைஞ்சல்! விசிறப் போனவன் அழகில் சொக்கி நின்றால் விசிறி நின்றுபோகிறது.

வால்மீகியின் பரதனைப் பாருங்கள். சித்திரகூடத்தில் அண்ணன் திரும்ப மறுத்ததும், தர்ப்பையை விரிக்கச் சொல்கிறான். சுமந்திரர் ராமன் முகத்தைப் பார்த்துத் தயங்க, தானே விரித்துக் கிடக்கிறான். பணத்தைப் பறிகொடுத்த அந்தணன்போல் உண்ணாமல் கிடப்பேன் என்பது அவன் வாக்கு. அன்புதான், சந்தேகமில்லை; ஆனால் வசூலுக்கு வந்த அன்பு. ராமன் கடிந்து எழுப்பியபின் பாதுகைகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். நந்திகிராமத்தில் 14 ஆண்டுகள் அவற்றுக்குக் குடையும் சாமரமும் பிடித்து, அரசு காரியம் ஒவ்வொன்றையும் அவற்றிடம் தெரிவித்துவிட்டுச் செய்கிறான். அண்ணன் பக்கத்தில் இருக்கும் சுகம் அவனுக்கு இல்லை. அண்ணன் நினைத்தது நடந்தது. கூடவே போய் எல்லாம் செய்த லக்ஷ்மணன் குறைந்தவனல்ல. உங்கள் கேள்விக்குப் பரதன்தான் பொருத்தம்.

மாலைக்கு வருவோம். கட்டும் முறை இன்னொருவருக்குப் போகிற அன்றைக்குக் களை தெரிந்துவிடும். சாத்தியிருக்கும் மாலையைப் பார்த்து ‘நான் கட்டியிருந்தால் இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும்’ என்று மனம் முணுமுணுத்தால் அதுதான். அதற்காகக் கட்டுவதையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது இதைவிட மோசம். பெருமாளுக்கு மாலையும் போச்சு.

ஒரு தடவை பிடுங்கினால் தீராது. மோக்ஷத்திலும் களையறுக்கச் சொல்லும் இந்தப் பிரார்த்தனை உண்டு என்கிறார் லோகாசாரியர். அவர் காட்டும் சான்று நம்மாழ்வாரின் திருவாய்மொழி 9.3.4. அங்கே ‘மருந்தே நங்கள் போக மகிழ்ச்சிக்கு’, எங்கள் அனுபவ மகிழ்ச்சி என்ற நோய்க்கு நீயே மருந்து, என்று பிதற்றுகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்லர், பெருமாளின் பரமபதத்திலேயே என்றும் இருந்து தொண்டு செய்யும் நித்யசூரிகள்.