இரண்டு ஏஸை ஒளித்து வைத்தது எதற்கு?

தம்பி, வெள்ளவத்தை நண்பர் வீட்டில் 100/200 லிமிட் போக்கர் ஆட்டத்தில் (பந்தயத் தொகை முதலிரு சுற்றில் 100, பிறகு 200 ரூபாய் என்று நிலையானது) கையில் இரண்டு ஏஸ் வந்தும் பந்தயத்தை உயர்த்தாமல், நான்கு பேரை உள்ளே விட்டு, பிளஷிடம் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். முந்நூற்று நான்கு சீட்டாட்டத்தில் துருப்பைக் கவிழ்த்து வைத்த பழக்கம் போலும், எனக்கும் இருந்தது. ஒருவரை எதிர்த்தால் ஏஸ் சோடி ஏறத்தாழ 85 சதவீதம் வெல்லும். நால்வரை எதிர்த்தால் 56 சதவீதந்தான். முதல் சுற்றிலேயே உயர்த்துங்கள்.

பிளஷுக்குக் காத்திருப்பவரை லிமிட்டில் விரட்ட முடியாது. நடுவில் 1,100 ரூபாய் கிடக்கும்போது 200 கட்டுவது அவருக்கு நியாயமே. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விழும் ஐந்து சீட்டில் நான்காவது விழுந்தபின் அவர் காணாத 46 சீட்டில் 9 மட்டுமே அவருக்கு உதவும். பெரும்பாலும் உங்களுக்கே சேரும் அந்த 200ஐப் பந்தயமாகக் கேட்காமல் விட்டதுதான் பிழை, தோற்றதல்ல.

கடைசிச் சீட்டில் அவர் திடீரென்று உயர்த்தினால், மறுபடி உயர்த்தாமல் கட்டிப் பாருங்கள்.