ஆளுநருக்கு லண்டன் எழுதிய கட்டளைகள்

கேள்வி: காலனிகளுக்கு அனுப்பப்பட்ட ஆளுநர்களுக்கு பிரிட்டிஷ் அரசு எழுத்து மூலம் கட்டளைகள் கொடுத்தனுப்பியதாகப் படிக்கிறோம். அவற்றில் என்ன இருந்தது? கப்பலேறிய பிறகு அவர் அவற்றை மீறினால் யார் கேட்பது? ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்க வேண்டுகிறேன்.
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஆளுநரின் அதிகாரம் இன்னதென்று அறிவிக்கும் நியமனப் பத்திரம் ஒன்று, அந்த அதிகாரத்தை அவர் எவ்வாறு செலுத்த வேண்டும் என்று கூறும் அறிவுறுத்தல்கள் மற்றொன்று. முன்னது பெரும்பாலும் சடங்கு மொழியில் இருக்கும். ஓர் அரசு எதை விரும்பியது, எதற்கு அஞ்சியது என்பதை அறிய வேண்டுமானால் பின்னதைத்தான் படிக்க வேண்டும். இதற்கு நியூசிலாந்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1839 ஆகஸ்ட் 14 அன்று, காலனிகளுக்குப் பொறுப்பான அமைச்சர் நார்மன்பி பிரபு, கடற்படைத் தளபதி வில்லியம் ஹாப்சனுக்கு நீண்டதொரு அறிவுறுத்தலை வழங்கினார். அமைச்சகத்தின் நிரந்தரச் செயலரான ஜேம்ஸ் ஸ்டீபனின் கை அதில் பெரிதும் இருந்தது. நியூசிலாந்தில் அப்போதே 2,000 பிரிட்டிஷ் குடிமக்களுக்குக் குறையாமல் குடியேறியிருந்தார்கள். அவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. போதாக்குறைக்கு, நியூசிலாந்து கம்பெனி என்ற தனியார் நிறுவனம் நிலம் வாங்குவதற்காக அதே ஆண்டு மே மாதத்தில் தன் கப்பலை அனுப்பிவிட்டது. தலையிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவுக்கு லண்டன் வந்தது இந்தச் சூழலில்தான்.

அந்த அறிவுறுத்தலின் முற்பகுதியைப் படிப்பவர் வியப்படையாமல் இருக்க முடியாது. மண்ணின் மீதும் ஆட்சியின் மீதும் அந்நாட்டின் பழங்குடிகளான மாவோரி மக்களுக்குள்ள உரிமை ஐயத்துக்கு இடமற்றது என்றும், பிரிட்டிஷ் அரசே அதை முறைப்படி ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றும் அமைச்சர் எழுதுகிறார். அத்தீவுகளைக் கைப்பற்றுவது அடிப்படையிலேயே அநீதியானது, தீங்கற்ற ஒரு மக்கள் திரளுக்கு அழிவைக் கொண்டுவரக்கூடியது என்று அரசு இதுவரை கருதி வந்ததையும் மறைக்கவில்லை. ஆகவே, அம்மக்கள் தங்கள் வழக்கப்படி, புரிந்துகொண்டு, சுதந்திரமாகச் சம்மதித்தாலன்றி ஆட்சியுரிமை கோரக்கூடாது என்பது கட்டளை. ஆனால் அதே ஆவணம், சிதறிக் கிடக்கும் சிறு குலங்களான இம்மக்களை ஒரு சுதந்திர நாடாக ஏற்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்று ஒரு விலக்கையும் சேர்த்துக்கொள்கிறது. உரிமை உண்டு என்று சொல்லிய மூச்சிலேயே அதை இறக்கி வைக்கும் இந்த எழுத்து முறை, என் பார்வையில், தற்செயலானதன்று.

நிலம் பற்றிய பகுதிக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகும். மாவோரிகளிடமிருந்து இனி அரசு மட்டுமே நிலம் வாங்கலாம். பேரங்கள் நேர்மையாகவும் நல்லெண்ணத்துடனும் நடக்க வேண்டும். அவர்களுடைய வாழ்வுக்கும் பாதுகாப்புக்கும் இன்றியமையாத நிலத்தை, அவர்கள் அறியாமல் விற்க முன்வந்தாலும் வாங்கக்கூடாது. அவர்கள் நலனைக் காக்க ஒரு பாதுகாவலர் நியமிக்கப்பட வேண்டும். இவையெல்லாம் நல்ல கட்டளைகளே. ஆனால் குடியேறிகளுக்கு அரசு விற்கும் விலையோடு ஒப்பிட்டால் மாவோரிகளுக்குக் கொடுக்கும் விலை மிகச் சிறியதாக இருக்கும் என்றும், அதில் உண்மையான அநீதி ஏதுமில்லை என்றும் அமைச்சர் அங்கேயே எழுதிவிட்டார். மலிவாக வாங்கிக் கூடுதலாக விற்று, அந்த இடைவெளியில் கிடைக்கும் பணத்தால் குடியேற்றத்தை வளர்ப்பதே திட்டம். பழங்குடி மக்களின் காவலராகவும் அவர்களிடம் நிலம் வாங்கும் ஒரே வியாபாரியாகவும் ஒரே அரசு இருக்க வேண்டுமென்றால், இரண்டில் எது வெல்லும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஹாப்சன் 1839 டிசம்பர் 24 அன்று சிட்னியை அடைந்தார். பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. மாவோரித் தலைவர்களின் சம்மதத்தைப் பெறுவதற்கான ஒப்பந்தத்தின் வாசகத்தைக்கூட லண்டன் எழுதித் தரவில்லை. அவரும், அவருடைய செயலரும், நியூசிலாந்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி ஜேம்ஸ் பஸ்பியும் சேர்ந்தே அதைத் தயாரித்தார்கள். 1840 பிப்ரவரி 6 அன்று வைடாங்கியில் கையெழுத்திடல் தொடங்கியது. மற்ற பகுதிகளில் தலைவர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, மே 21 அன்று ஹாப்சன் நாடு முழுவதற்கும் ஆட்சியுரிமையைப் பிரகடனம் செய்துவிட்டார். வடதீவுக்கு ஒப்பந்தத்தையும், தென்தீவுக்குக் கடலோடி ஜேம்ஸ் குக் அதைக் கண்டறிந்ததையும் காரணமாகக் காட்டினார். புரிந்துகொண்டு தரும் சம்மதம் என்ற நிபந்தனை மூன்றே மாதங்களில் இவ்வாறு தளர்ந்தது.

மீறினால் யார் கேட்பது என்று வினவியிருக்கிறீர்கள். ஆளுநரின் கடிதம் லண்டனை அடைந்து மறுமொழி வருவதற்குள் பெரும்பாலும் ஓர் ஆண்டு கழிந்துவிடும். அமைச்சரின் கையில் இருந்த ஒரே உறுதியான ஆயுதம் ஆளுநரைத் திரும்ப அழைத்துக்கொள்வதுதான். 1844இல் அரசின் தனி வாங்குரிமையை விட்டுக்கொடுத்த ஆளுநர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், வேறு காரணங்களும் சேர, மறு ஆண்டே பதவியிழந்தார்.

கேள்வி: லண்டனின் கட்டளை தவறென்று கருதி அதைச் செயல்படுத்த மறுத்த ஆளுநர் உண்டா?
— வாசகி, மதுரை

பதில்: அதே நியூசிலாந்தில் உண்டு. 1846 டிசம்பரில் அமைச்சர் கிரே பிரபு, மாவோரிகள் உண்மையில் குடியிருந்து உழைத்த நிலத்துக்கு மட்டுமே உரிமை கோரலாம் என்று புதிய அறிவுறுத்தல்களை அனுப்பினார். எஞ்சிய பரந்த காடும் வெளியும் அரசுக்கு உரியதாகிவிடும் என்பது இதன் பொருள். தலைமை நீதிபதி வில்லியம் மார்ட்டினும் பேராயர் செல்வினும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். வைகாட்டோத் தலைவர் தே வெரோவெரோவும் பிற தலைவர்களும் விக்டோரியா அரசிக்கு முறையிட்டார்கள். ஆளுநர் ஜார்ஜ் கிரே (அமைச்சரும் இவரும் வெவ்வேறு மனிதர்கள்) அந்த அறிவுறுத்தல்களுடன் வந்த புதிய அரசியலமைப்பை நடைமுறைப்படுத்தாமல் தள்ளிப்போட்டார். 1848இல் நாடாளுமன்றமே அதை நிறுத்தி வைத்தது.

ஆயினும் இவரை மாவோரிகளின் நண்பர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதே 1848இல் இவருடைய ஆட்சியின் பெயரில், தென்தீவின் நை தாஹு மக்களிடமிருந்து ஒரு கோடியே 30 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வெறும் 2,000 பவுனுக்கு வாங்கப்பட்டது. அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டதோ ஏறத்தாழ 6,400 ஏக்கர் மட்டுமே.

கேள்வி: இந்தப் பழைய தாள்களுக்கு இன்று ஏதேனும் மதிப்பு உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. அந்த ஒப்பந்தத்தை அரசு மீறியதாக மாவோரிகள் தரும் முறையீடுகளை விசாரிக்க 1975இல் அமைக்கப்பட்ட வைடாங்கித் தீர்ப்பாயம் நை தாஹு மக்களின் முறையீட்டை விசாரித்தபோது, அரசின் கடமை எதுவென்று அளக்க நார்மன்பியின் அறிவுறுத்தல்களையும் கையிலெடுத்தது. வாழ்வுக்குப் போதிய நிலத்தை மக்களிடம் விட்டுவைக்க வேண்டும் என்பதை அரசு 1839இலேயே அறிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. 1998இல் அரசு மன்னிப்புக் கேட்டு, 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்புள்ள தீர்வை வழங்கியது.